ஹாம்லெட்டின் தயக்கமும் கொற்கையின் நீதியும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் சாலையில் முக்காணியைக் கடந்ததும் பொருநையாறு குறுக்கிடும். பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால்கள்; 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளையும் மண் அது. ஆற்றின் வடகரையில் சற்று உள்ளே சென்றால் பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கை. தெற்கே சிறிது தொலைவில் காயல்பட்டினம். கிழக்கே, ஆறு கடலோடு கலக்குமிடத்தில், புன்னைக்காயல். முத்துக் குளித்தலாலும் கடல் வாணிகத்தாலும் ஈராயிரம் ஆண்டுப் புகழ் பெற்ற கரை இது.

சில காலத்திற்கு முன் அவ்வூரில் அன்பர் சிலரோடு அளவளாவிக் கொண்டிருந்தபோது, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, தகப்பனைக் கொன்றவன் கண்ணெதிரே மண்டியிட்டிருக்கிறான். மகன் கையில் வாள் இருக்கிறது. பக்கத்தில் யாருமில்லை. பிறகு ஏன் ஹாம்லெட் வெட்டவில்லை? அவன் கோழையா?" என்று கேட்டார். தேர்வுக்குரிய வினா என்றே நாம் கருதினோம். திறனாய்வாளர் சிலருடைய பெயர்களையும் கருத்துகளையும் எடுத்துச் சொன்னோம். இளைஞர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். ஆனால் முகத்தில் நிறைவு இல்லை. அவர் சென்ற பிறகே அன்பர் ஒருவர் செய்தியைச் சொன்னார். அவ்விளைஞருடைய தமையனார் ஒரு தகராறில் வெட்டுண்டு இறந்துவிட்டாராம். வழக்கு இன்னும் முடியவில்லையாம். எதிராளிகள் பிணையில் வெளிவந்து அதே தெருவழியே நடமாடுகின்றனராம்.

அவர் கேட்டது நாடகத்தைப் பற்றி அன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே எண்ணிப் பார்க்க முயல்கிறோம்.

கதை வந்த வழி

ஹாம்லெட் கதை ஷேக்ஸ்பியர் கற்பனையில் பிறந்ததன்று. டென்மார்க்கு நாட்டு வரலாற்றாசிரியர் சாக்சோ கிராமாட்டிக்கஸ் 1200-ஆம் ஆண்டையொட்டி இலத்தீன் மொழியில் எழுதிய நூலில் அம்லெத் என்னும் இளவரசனின் கதை வருகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பெல்ஃபொரே அதை 1570-ஆம் ஆண்டுவாக்கில் தம் மொழியில் எழுதினார். ஷேக்ஸ்பியரின் நாடகம் 1603-இல் சிதைந்த வடிவிலும், அடுத்த ஆண்டில் செம்மையான வடிவிலும் அச்சேறியது.

பழங்கதைக்கும் நாடகத்திற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சாக்சோவின் கதையில் தம்பி அண்ணனைக் கொன்றது ஊரறிந்த செய்தி. கொன்றவனே அதற்கு ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு அரியணை ஏறுகிறான். ஆகவே அங்கு இளவரசனுக்கு ஐயம் ஏதுமில்லை. தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பித்தனைப் போல் நடிக்கிறான். காலம் வந்ததும் மாளிகைக்குத் தீயிட்டுச் சிற்றப்பனைக் கொன்று தானே மன்னனாகிறான். அவன் காத்திருந்தது வாய்ப்புக்காக, மனச்சான்றுக்காக அன்று.

நாடகத்திலோ கொலை மறைவானது. தோட்டத்தில் உறங்கிய மன்னனின் செவியில் நஞ்சு ஊற்றப்பட்டது. பாம்பு தீண்டியதாக நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. உண்மையை மகனுக்குச் சொல்வது ஓர் ஆவி. அந்த ஆவி உண்மையில் தந்தைதானா, அல்லது தன்னை நரகுக்கு இழுக்க வந்த தீய சக்தியா என்று மகன் ஐயுறுகிறான். பழங்கதையை இவ்வாறு மாற்றியதால் ஷேக்ஸ்பியர் பழிவாங்கும் கதையைச் சான்று தேடும் கதையாக ஆக்கிவிட்டார்.

இதைக் கருதாமல் அறிஞர் பெருமக்கள் பலர் ஹாம்லெட்டின் உள்ளத்தில் மட்டுமே நோயைத் தேடினர். மென்மையான பூச்சாடியில் நட்ட பெருமரம் போல, தாங்கொணாக் கடமை அவனை உடைத்துவிட்டது என்றார் ஜெர்மானியக் கவிஞர் கதே. சிந்தனை மிகுந்து செயல் குன்றியவன் என்றார் கோல்ரிட்ஜ். தந்தையின் சாவும் தாயின் விரைவான மறுமணமும் விளைத்த ஆழ்ந்த மனச்சோர்வே காரணம் என்றார் 1904-இல் பிராட்லி. சிற்றப்பன் செய்தது மகனின் உள்மனத்தில் புதைந்திருந்த ஆசையையே என்று ஃபிராய்டு உளவியல் விளக்கம் தந்தார். டி. எஸ். எலியட் 1919-இல் நாடகமே ஒரு கலைத் தோல்வி என்று கூறிவிட்டார்.

இவற்றில் உண்மை இல்லை என்று நாம் கூறவில்லை. ஆயினும் இவர்கள் கேளாமல் விட்ட எளிய வினா ஒன்று உண்டு. கொலையுண்டவனின் மகன் எந்த மன்றத்துக்குச் செல்வது? டென்மார்க்கில் நீதிக்குத் தலைவன் மன்னன். அந்த மன்னனே கொலைகாரன். சான்றோ ஓர் ஆவியின் சொல். நீதிமன்றம் மூடிக் கிடக்க, வாள் மட்டும் கையில் இருக்கும் நிலையில் ஒரு நேர்மையாளன் தயங்காமல் வேறென்ன செய்வான்?

ஒரு திரையும் ஒரு தொழுகையும்

அவன் சும்மா இருக்கவில்லை. சான்று தேடினான். நாடகக் குழுவினரைக் கொண்டு அதே கொலையை அரசவையில் நடிக்கச் செய்து மன்னனின் முகத்தைக் கவனித்தான். மன்னன் துணுக்குற்று எழுந்தான். ஐயம் தீர்ந்தது.

அடுத்துவரும் இரண்டு காட்சிகளே இந்நாடகத்தின் உயிர்நிலை. முதற்காட்சியில் மன்னன் தனியே மண்டியிட்டு வேண்டுதல் புரிகிறான். பின்னால் ஹாம்லெட் உருவிய வாளோடு நிற்கிறான், வெட்டவில்லை. இதை இரக்கம் என்று எண்ணிவிடலாகாது. வேண்டுதலின்போது கொன்றால் அவன் ஆன்மா நற்கதி அடைந்துவிடும். பாவத்தில் திளைக்கும்போது கொன்றால் நரகம் புகும் என்பதே அவன் கணக்கு. அதாவது, சான்று தேடிய மகன் இப்போது மறுமையையும் தன் கையில் எடுத்துக்கொள்ள விழைகிறான். மன்னனோ உண்மையில் மனம் ஒன்றி வேண்டவே இல்லை. ஹாம்லெட் அதை அறியான்.

இரண்டாம் காட்சி தாயின் அறையில். திரைக்குப் பின்னால் அரவம் கேட்கிறது. இம்முறை அவன் தயங்கவில்லை. யார், எவர் என்று பாராமல் வாளைப் பாய்ச்சுகிறான். விழுந்தவன் மன்னன் அல்லன். முதிய அமைச்சன் பொலோனியஸ். அக்கணத்தில் ஹாம்லெட் இன்னொரு மகனைத் தந்தையற்றவனாக்கி விட்டான். அம்மகன் லேர்ட்டஸ் பழிவாங்கப் புறப்படுகிறான். அவனிடம் தயக்கம் சிறிதுமில்லை. கோயிலுக்குள்ளும் கழுத்தை அறுப்பேன் என்கிறான். ஆராயாத அந்தச் சினத்தையே மன்னன் தன் கருவியாக்கிக் கொள்கிறான். முனை மழுக்காத வாளால் ஹாம்லெட்டை வீழ்த்தும் சூழ்ச்சியை அவனுக்குச் சொல்லித் தருகிறான். முடிவில், முதற் கொலையை நீக்கி எண்ணினால் எட்டு உயிர்கள் மாய்கின்றன. அரியணை அயல்நாட்டு இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸ் கைக்குப் போகிறது.

ஆழ்ந்து நோக்குங்கால், ஹாம்லெட் தயங்கிய வேளைகளைவிடத் தயங்காத வேளையே அவனை அழித்தது என்பது புலனாகும்.

கொற்கையின் முத்து

இந்தப் பாடத்தைக் கற்க நாம் டென்மார்க்கு வரை செல்ல வேண்டியதில்லை. ஆத்தூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் கொற்கையே அதைச் சொல்லும்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை யாது? தயங்காமை. ஊடிய தேவியைத் தேற்ற அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருந்தான். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடிய கள்வன் தன் இல்லத்தில் இருக்கிறான் என்றான். மன்னன் அவையைக் கூட்டவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனை அழைக்கவில்லை. ஒரு வினாவும் கேட்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொணர்க என்று கூறிவிட்டு நடந்தான். கொலைக்குச் சென்ற காவலர்கூடக் கோவலன் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வனாக இரான் என்று தயங்கினர் என்கிறார் இளங்கோவடிகள். பொற்கொல்லன் களவு நூல்களை எடுத்துக்காட்டி அவர்களை எள்ளி நகைத்தான். அதற்குள் கல்லாத ஒருவன் வாளை வீசிவிட்டான். மன்னனுக்கு இல்லாத தயக்கம் காவலருக்கு இருந்தது. அது ஒரு கணம் கூடுதலாக நீடித்திருந்தால் மதுரை எரிந்திராது.

கண்ணகி நேரே சென்றது அரசவைக்கு. அவளும் ஹாம்லெட்டைப் போலச் சான்றையே நாடினாள். அவள் சிலம்பில் பரல் மாணிக்கம்; தேவியின் சிலம்பில் பரல் முத்து. அரசியின் அணியில் முத்து இருந்ததில் வியப்பென்ன? அது கொற்கைத் துறையைத் தன் உடைமையாகக் கொண்ட குடி. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, மன்னன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து உயிர் துறந்தான். ஹாம்லெட்டுக்குக் கிடைக்காத ஒன்று கண்ணகிக்குக் கிடைத்தது: குற்றம் செய்த மன்னனே தன்மீது தீர்ப்பு வழங்கிய மன்றம். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சினம் அங்கே நிற்கவில்லை. நகரம் எரிந்தது.

அதற்கும் அப்பால் ஒரு செய்தி உண்டு. அதைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நெடுஞ்செழியனுக்குப் பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் மதுரை அரியணை ஏறினான். நாட்டில் மழை வறண்டது, நோய் மிகுந்தது. பத்தினியின் சினத்தைத் தணிக்க அவன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பலியிட்டு விழா எடுத்தான் என்று காப்பியம் கூறுகிறது. பிழை செய்தவன் ஒரு பொற்கொல்லன். அவனோடு மாண்டவர் அவன் தொழிலைச் செய்தவர்கள். அவன் குடியில் பிறந்தவர்கள். அவர்களுடைய சிலம்பை உடைத்துப் பார்க்க அவையில் எவருமில்லை. அவர்களுக்காகத் தலைவிரி கோலத்தோடு வந்து நின்ற மனைவியரைப் பற்றிக் காப்பியத்தில் ஓரடியும் இல்லை.

வரலாற்று நிகழ்ச்சியா, காப்பியக் கூற்றா என்ற ஆராய்ச்சி ஈண்டு வேண்டாம். பழிவாங்கும் எண்ணம் தயக்கத்தை இழக்கும்போது எங்கே சென்று நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆளைத் தேடிப் புறப்பட்ட வாள் குலத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

காயலில் ஒரு தந்தைக் கொலை

கொற்கை மணல் மேடிட்டுக் கடலை இழந்தபின் துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதன் வளத்தைக் கண்டு வியந்து எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், அரபு நாட்டுக் குதிரைகள் இக்கரையில் இறங்கிய வாணிகத்தை விவரிக்கிறார். பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைகளின் பொறுப்பாளராகவும் தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் பெருமகனார் விளங்கியதையும் குறிப்பிடுகிறார்.

அதே வஸ்ஸாஃப் கூறும் இன்னொரு செய்தி ஹாம்லெட் கதையை நினைவூட்டும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் நெடுங்காலம் ஆண்டவன். அவனுக்குப் பட்டத்தரசி வயிற்றில் பிறந்தவன் சுந்தர பாண்டியன். வேறொருத்தி வயிற்றில் பிறந்தவன் வீர பாண்டியன். தந்தை வீர பாண்டியனுக்கே பட்டம் என்று முடிவு செய்ததால் வெகுண்ட சுந்தர பாண்டியன், ஹிஜ்ரி 709-இல், அதாவது கி.பி. 1310-இல், தந்தையைக் கொன்று முடி சூடிக்கொண்டான் என்று அவர் எழுதுகிறார். வீர பாண்டியன் படை திரட்டினான். உடன்பிறந்தாரிடையே போர் மூண்டது. 1311-இல் மாலிக் காஃபூரின் படை தெற்கே வந்தபோது பாண்டிய நாடு இரண்டுபட்டுக் கிடந்தது. யானைகளும் செல்வமும் வடக்கே சென்றன. பேரரசாய் விளங்கிய பாண்டியர் ஆட்சி அதன் பிறகு பழைய நிலைக்கு மீளவே இல்லை.

தந்தையைக் கொன்றவனுக்கு எதிராக வாளெடுத்த வீர பாண்டியன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்தைத் தீர்க்க மன்றம் இல்லாத இடத்தில் அது போராக மாறியது; போர் நாட்டை விழுங்கியது. ஹாம்லெட் நாடகத்தின் இறுதியில் பிணங்களைக் கடந்து அயல் இளவரசன் அரண்மனைக்குள் நுழைவதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு 1311 நினைவுக்கு வருகிறது.

ஓர் உயிருக்கு ஓர் உயிர்

பழி தீர்க்கும் வேட்கை இயற்கையானது. அதை இல்லையென்று மறுப்பது பொய். இஸ்லாமியச் சட்டம் அதை மறுக்கவில்லை. அதற்கு எல்லை வகுத்தது. அரபு நாட்டில் ஒருவன் கொலையுண்டால் கொன்றவனுடைய கோத்திரத்தில் எவனையேனும் கொல்வது அன்றைய வழக்கம். ஓர் ஒட்டகத்தின் பொருட்டு மூண்ட பசூஸ் போர் நாற்பதாண்டு நடந்ததாக அம்மக்களே கதை சொல்வர். திருக்குர்ஆன் கொலையுண்டவரின் வாரிசுக்கு உரிமை உண்டு என்று கூறி, அவ்வுரிமையில் வரம்பு மீறலாகாது என்று அதே வசனத்தில் தடுத்தது. வாரிசின் முன் மூன்று வழிகள் உண்டு: சரிக்குச் சரி, ஈட்டுத் தொகை, மன்னிப்பு. முதல் வழியை நாடினாலும் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். தீர்ப்பு அதிகாரமுள்ளவரிடமிருந்து வர வேண்டும். ஐயம் எஞ்சினால் தண்டனை விலக வேண்டும். சட்டம் ஏற்படுத்திய இந்த இடைவெளிக்கு என்ன பெயர்? தயக்கம் என்றே சொல்லலாம்.

ஹிஜ்ரி 40-இல், கி.பி. 661-இல், கூஃபா பள்ளிவாசலில் ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் நஞ்சு தோய்ந்த வாளால் வெட்டுண்டார்கள். படுக்கையில் கிடந்தபடி அவர்கள் தம் மக்களுக்குச் செய்த உபதேசமாக வழங்கி வருவது இது: நான் பிழைத்தால் அவனை என்ன செய்வதென்று நானே முடிவு செய்வேன், இறந்தால் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு மட்டுமே, உறுப்புகளைச் சிதைக்காதீர்கள், என் பெயரைச் சொல்லி மக்களின் இரத்தத்தில் இறங்காதீர்கள். கலீஃபாவின் உயிருக்கு ஈடாகக் கேட்கப்பட்டது ஓர் உயிர். கொற்கைச் செழியன் ஒரு பொற்கொல்லனுக்காக ஆயிரவரைப் பலியிட்ட கதையை இதனருகே வைத்துப் பாருங்கள்.

அலி (ரலி) அவர்களைப் பற்றி மௌலானா ரூமி மஸ்னவியின் முதல் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பாடுகிறார். போரில் வீழ்த்தப்பட்ட எதிரி அவர்கள் முகத்தில் உமிழ்ந்தான். உடனே அவர்கள் வாளைத் தாழ்த்தி விலகினார்கள். காரணம் கேட்ட எதிரியிடம், இறைவனுக்காக ஓங்கிய வாளில் இப்போது என் சினம் கலந்துவிட்டது என்னும் பொருள்பட விடை கூறினார்கள். ஹாம்லெட்டும் ஓங்கிய வாளைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தியது வெறுப்பு நிறைவு பெறவில்லை என்பதற்காக. அலி (ரலி) தாழ்த்தியது வெறுப்பு எட்டிப் பார்த்தது என்பதற்காக. வெளியே இரண்டும் ஒரே தோற்றம். உள்ளே கிழக்கும் மேற்கும்.

மற்றொரு நிகழ்ச்சி. ஹிஜ்ரி 60-இல் இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் தூதராகக் கூஃபா சென்ற முஸ்லிம் இப்னு அகீல், ஹானி என்பவரின் இல்லத்தில் மறைந்திருந்தார். நோயுற்றிருந்த ஒருவரை நலம் விசாரிக்க ஆளுநர் உபைதுல்லாஹ் அவ்வில்லம் வந்தான். அவ்வேளையில் வெளிப்பட்டு அவனைக் கொல்லும்படி முன்பே ஏற்பாடு ஆகியிருந்தது. குறிப்பு மொழியும் சொல்லப்பட்டது. முஸ்லிம் வெளியே வரவில்லை. வஞ்சகமாகக் கொல்வதை ஈமான் தடுக்கிறது என்ற நபிமொழி தம்மைத் தடுத்ததாகப் பின்னர் சொன்னார். ஹாம்லெட் திரைக்கு வெளியே நின்று கண்மூடிக் குத்தினான். இவர் மறைவுக்குள் நின்று கண் திறந்தபடி கையை அடக்கினார்.

விளைவு என்ன? தப்பிச் சென்ற அதே உபைதுல்லாஹ், முஸ்லிமையும் ஹானியையும் கொன்றான். ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10-இல் போர் நடந்த கர்பலாவுக்குப் படையை அனுப்பியவனும் அவனே. இதை மறைப்பது நேர்மையன்று. தயங்கினால் எல்லாம் நலமாய் முடியும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஹாம்லெட்டும் அந்த வேண்டுதல் வேளையில் வெட்டியிருந்தால் ஏழு உயிர் தப்பியிருக்கலாம். ஆகவே தயக்கத்தின் நியாயத்தை விளைவில் தேடினால் கிடைக்காது. கொலைகாரனை எதிர்க்கையில் கொலைகாரனாக மாறாதிருக்க ஒருவன் கொடுக்கும் விலை அது. சில வேளைகளில் அவ்விலை மிகப் பெரியது.

மன்னிப்பும் வலியற்றதன்று. உஹதுப் போரில் தம் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்ற வஹ்ஷி, மக்கா வெற்றிக்குப் பின் இஸ்லாத்தைத் தழுவி வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், பழி தீர்க்கவில்லை. ஆனால் இயலுமாயின் உன் முகத்தை எனக்குக் காட்டாதிரு என்று கேட்டுக்கொண்டார்கள். மன்னித்த பின்னும் காயம் காயமாகவே இருந்தது. அந்த மனித உண்மையை வரலாறு மறைக்காமல் பதிந்து வைத்திருப்பது நமக்குப் பெரும் ஆறுதல்.

தமிழ் மேடையில்

ஹாம்லெட் தமிழ் பேசி நூறாண்டுக்கு மேலாகிறது. பம்மல் சம்பந்த முதலியார் அதை 'அமலாதித்யன்' என்ற பெயரில் 1908-இல் தந்தார். அவர் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, பின்னர் சென்னையில் நீதிபதியாகவும் அமர்ந்தவர். சான்றின் அருமை அறிந்த ஒருவர் இந்நாடகத்தைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே.

ஆனால் அமலாதித்யனைவிடத் தமிழ் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தவன் அவருடைய முந்தைய படைப்பான மனோகரன். 1895-இல் மேடையேறி, 1954-இல் எல். வி. பிரசாத் இயக்கத்தில், கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலோடு, சிவாஜி கணேசன் நடிக்கத் திரைப்படமாகவும் வந்த கதை அது. தந்தையை மயக்கித் தாயைத் துன்புறுத்தும் வசந்தசேனையை ஒழிக்க மனோகரன் துடிக்கிறான். அவன் கையைக் கட்டியிருப்பது சங்கிலி அன்று. தாய்க்குக் கொடுத்த வாக்கு. இறுதியில் தாயே அவ்வாக்கிலிருந்து அவனை விடுவிக்கும்போது கொட்டகை அதிர்ந்தது. ஹாம்லெட்டின் தயக்கம் அவன் நெஞ்சுக்குள் இருந்தது. மனோகரனின் தயக்கத்தைத் தமிழ் மேடை தாயின் கையில் வைத்தது. நம் குடும்பங்களில் இன்றும் உண்மை அதுதான். பழிக்குப் புறப்படும் மகனை நிறுத்துவதும் ஏவுவதும் பெரும்பாலும் வீட்டிலிருந்து எழும் ஒரு குரலே.

அந்தக் குரலின் வலிமையை 2014-இல் வெளிவந்த 'ஹைதர்' என்னும் இந்தித் திரைப்படமும் உணர்ந்திருந்தது. ஹாம்லெட்டைக் காஷ்மீரத்தில் நிறுத்திய அப்படத்தில், பழி பழியையே பெறும் என்று தாய் மகனுக்கு உணர்த்துகிறாள். முடிவில் மகன் சிற்றப்பனைக் கொல்லாமல் விட்டுச் செல்கிறான். நாடகம் தோன்றி நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கலைஞருக்கு அந்த முடிவு தேவைப்பட்டிருக்கிறது.

சாட்சி

ஆத்தூர் இளைஞரின் வினாவுக்குத் திரும்புவோம்.

தென்மாவட்டச் செய்தித்தாள்களில் பழிக்குப் பழி என்ற சொற்றொடரைக் காணாத மாதம் அரிது. ஒரு கொலை நடக்கிறது, வழக்கு நீள்கிறது, சாட்சிகள் பிறழ்கின்றனர், இறந்தவரின் தம்பியோ மகனோ வளர்ந்து வாளெடுக்கிறான். சில வேளைகளில் வெட்டுண்பவன் கொன்றவனாகக்கூட இருப்பதில்லை. அவன் தம்பியாகவோ உறவினனாகவோ இருக்கிறான். வெற்றிவேற் செழியனின் கணக்கு இன்னும் தீரவில்லை. இத்தகைய சூழலில் தயங்கும் இளைஞனைத்தான் ஊர் கோழை என்கிறது. தமையன் இரத்தம் காயவில்லை, இவன் புத்தகம் படிக்கிறான் என்கிறது.

தம்பி, ஹாம்லெட் கோழை அல்லன். அவன் தயங்கியது உண்மை எது என்று அறிய. அது அவனுடைய பெருமை. அவன் வீழ்ந்தது ஒரு கணம் தயங்க மறந்தபோது. அவனுக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. மெதுவாக நடந்தாலும், இடறி விழுந்தாலும், மன்னன் வீட்டு முற்றமாக இல்லாத ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அதன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது வாளெடுப்பதைவிடக் கடினம் என்பதை நாம் அறிவோம். அதைத் தட்டும் கையைத் தனியே விட்டுவிடாமல், சாட்சிக் கூண்டுவரை உடன் வருவது ஊரின் கடமை. ஊர் அதைச் செய்யாமல் இளைஞனிடம் மட்டும் பொறுமையை எதிர்பார்ப்பது நீதியாகாது.

உயிர் பிரியும் நேரத்தில் ஹாம்லெட் தன் நண்பன் ஹொரேஷியோவிடம் பழிவாங்கச் சொல்லவில்லை. நண்பன் தானும் நஞ்சருந்தப் போனபோது அதைத் தடுத்து, உயிரோடு இருந்து நடந்ததை நடந்தபடி உலகுக்குச் சொல் என்றே வேண்டிக்கொண்டான். நாடகம் முழுதும் அவன் தேடிய சாட்சி இறுதியில் ஒரு நண்பன் உருவில் கிடைத்தது. அந்த நண்பன் சற்று முன்னரே வாய் திறந்து நின்றிருந்தால் அத்தனை பிணங்கள் விழுந்திருக்குமா என்பதை ஆத்தூர்ப் பெரியவர்களும் அன்பர்களும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.